யாருடைய பூஜ்யம்

உட்காருங்கள் மேடம். அவர் வீட்டில் இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு தடுப்பூசி போடப் போயிருக்கிறார். நீங்கள் ஐந்து மணிக்கு வருவதாகத்தான் பேச்சு. நாலு மணிக்கே வந்துவிடுங்கள் என்று அவர் போனிலிருந்து உங்களுக்கு ஒரு மெசேஜ் வந்ததே, அதை அனுப்பியது அவர் இல்லை, நான். அனுப்பிவிட்டு அழித்தும் விட்டேன். அப்படிப் பார்க்காதீர்கள். திருட்டுப் புத்தி என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் அதைவிடப் பெரிதாக நினைக்கப் போகிறீர்கள்.

அந்தப் போனைக் கவிழ்த்து வையுங்களேன். இல்லை, பைக்குள்ளேயே போட்டுவிடுங்கள். ரெக்கார்டு ஆகிறதா என்று கேட்டால் சேச்சே என்பீர்கள். ஆகிறது என்று யார்தான் சொல்வார்கள்?

உங்கள் பையில் ஒரு காகிதம் இருக்கிறது. நேற்று அதன் நகலை அவர் எனக்கு வாசித்துக் காட்டினார். பிப்ரவரி பதினெட்டாம் தேதி மெஷின் அறைக்குள் நின்றபோது தன்மேல் கதிர்வீச்சு பட்டதாகச் சொன்னது தன்னுடைய கவனப்பிசகு, பட்டதற்கு ஆதாரம் இல்லை, ரத்தப் பரிசோதனை தேவையில்லை. அதுதானே? அவர் கையெழுத்துப் போட்டதும் பாதுகாப்பு அதிகாரி என்ற முறையில் நீங்களும் போடுவீர்கள். ஃபைல் மூடிவிடும். ரத்தம் எடுக்க மாட்டீர்கள். அவர் உடம்புக்குள் அன்றைக்கு என்ன போனது என்பது யாருக்கும் எந்தக் காலத்திலும் தெரியாது.

அவர் வருவதற்குள் நான் சொல்லி முடிக்க வேண்டும். எங்கே ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. முடியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

மிலானிக்கு நாலு மாதம் முடிந்தபோது பின்னந்தலை முடி கொட்டியது. காலையில் எழுப்பினால் தலையணையில் பூனை முடி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். டாக்டரம்மா, 'மல்லாந்தே படுத்திருக்குல்ல, உரசிக் கொட்டும், திரும்ப வளரும்' என்றார். எழுதிக்கூடக் கொடுக்கவில்லை. ஒரு வியாதியைப் பார்த்ததும் இவ்வளவு சீக்கிரம் சிரிக்கிற டாக்டரை நான் நம்புவதில்லை. முடி எதனால் கொட்டும் என்று எனக்கும் தெரியும். நான் படித்தது கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடம் மேடம். எங்கள் கெமிஸ்ட்ரி சிஸ்டர் ஆரேலியா சொல்லியிருக்கிறார்: ரேடியத்தோடு வேலை செய்த ஒரு அம்மாவின் நோட்டுப் புத்தகங்களை இன்றைக்கும் ஈயப் பெட்டியில்தான் வைத்திருக்கிறார்களாம். எழுதினவர் செத்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, எழுதின தாள் இன்னும் அடங்கவில்லை. அப்படியென்றால் என் வீட்டுக்காரர் போட்டுக்கொண்டு வருகிற சட்டை?

கேட்டேன். எட்வின் பொறுமையான மனுஷன். எல்லாவற்றையும் சாப்பிடும்போதுதான் விளக்குவார்.

'அது ரேடியம், பெனி. அது தானா வீசிக்கிட்டே இருக்கும். நாங்க செய்யறது மெஷின். எலக்ட்ரான ஓட விட்டு அடிக்கறோம். சுவிட்ச அணைச்சா ஃபேன் மாதிரி நின்னுடும். சட்டையில ஒட்டாது.'

'ஃபேன் அணைச்ச பிறகும் சுத்துதே' என்றேன்.

சிரித்தார். மறுநாள் லேபில் கூட வேலை செய்கிற காசிராஜன் அண்ணனிடம் சொல்லி அவரும் சிரித்திருக்கிறார். அடுத்த முறை வீட்டுக்கு வந்தபோது 'அண்ணி, ஃபேன் நின்னுடுச்சா பாருங்க, உள்ள வரலாமா?' என்று வாசலிலேயே நின்றுகொண்டு கேட்டார். சிரித்துக்கொண்டுதான் காபி கொடுத்தேன். ஆனால் யோசித்தேன். இவர்கள் ஏன் இதைச் சிரித்தே மறைக்கிறார்கள்?

அந்த மெஷினை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கட்டில் அளவுதான் இருக்கும் என்பார். அதை ஒரு லாரியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய், மிளகாய் வற்றலிலும் மல்லியிலும் இருக்கிற பூச்சியையும் கிருமியையும் மருந்தில்லாமல் கொல்ல வேண்டும், அதுதான் அவர் கனவு. நாலு வருஷமாக அதற்குப் படம் போடுவதும், மாற்றிப் போடுவதும், ஓட்டி அளப்பதும். எங்கள் கல்யாண ஆல்பத்தில் பாதிப் படங்களில் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். அன்றைக்கு அவர் இல்லாமல் மெஷினை ஓட்டிப் பார்த்தார்களாம்.

ஒருநாள் என் தொல்லை தாங்காமல் லேபிலிருந்து ஒரு மீட்டரை எடுத்து வந்தார். என் கண் முன்னாலேயே சட்டைமேல் வைத்தார், செருப்புமேல் வைத்தார், மிலானியின் தலைமேலும் வைத்தார். முள் அசையவில்லை. 'பாத்தியா?' என்றார்.

பார்த்தேன். ஆனால் மேடம், அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான், இதே மேஜையில், அந்த மீட்டர் பொய் சொல்லும் என்று இவரே எனக்குச் சொல்லியிருந்தார்.

ஆமாம், இவரேதான். மெஷின் விட்டு விட்டு அடிக்குமாம். ஒரு செகண்டில் ஐம்பது அடி, ஒவ்வொரு அடியும் கண்ணிமைக்கிற நேரத்தில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. ஸ்பூனால் தட்டில் தட்டிக் காட்டினார். 'கல்யாண மண்டப வாசல்ல ஒருத்தன உக்கார வெச்சு, கதவு எத்தன தடவ திறக்குதுன்னு எண்ணச் சொல்றோம்னு வெச்சுக்க. கதவு ஒரு தடவ திறக்கும், நூறு பேரு திமுதிமுன்னு நுழைஞ்சிருப்பான். அவன் ஒண்ணுன்னு எழுதுவான். சாதா மீட்டர் அப்படித்தான். எங்க மெஷின் பக்கத்துல அத நம்பக் கூடாது.' அப்புறம் சட்டைப் பையில் குத்தியிருந்த பேட்ஜைத் தட்டிக் காட்டினார். 'இது எண்ணாது, சேத்து வெச்சுக்கும். ஒரு அடியில வந்தாலும் ஒரு மாசத்துல வந்தாலும் மொத்தமா உள்ள இருக்கும். மூணு மாசத்துக்கு ஒரு தடவ அனுப்பினா சூடாக்கி படிச்சுச் சொல்லிடுவான். இது பொய் சொல்லாது.'

பொய் சொல்கிற மீட்டரை ஏன் என் குழந்தையின் தலையில் வைத்துக் காட்ட வேண்டும்? நீங்கள் சொல்ல வருவது புரிகிறது. மெஷின் பக்கத்தில்தான் அது தப்பாகக் காட்டும், வீட்டில் சரியாகக் காட்டும். அவரும் அதைத்தான் சொன்னார். எனக்கு அப்படிப் பிரித்து நம்பத் தெரியவில்லை. ஒரு ஆள் ஆபீசில் பொய் சொல்வான், வீட்டுக்கு வந்தால் மட்டும் உண்மை பேசுவான் என்றால் எந்தப் பெண் நம்புவாள்?

பேட்ஜை லேபிலேயே பலகையில் மாட்டிவிட்டு வர வேண்டும் என்பது உங்கள் விதி. தெரியும். குவார்ட்டர்ஸ் ஐந்து நிமிஷ நடை, மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பேட்ஜோடுதான் வருகிறார்கள். இதையும் எழுதிக்கொள்வீர்களோ என்னவோ.

ஜனவரி ஆறாம் தேதி. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனார். சட்டை நாற்காலியில் கிடந்தது. பேட்ஜின் பிளாஸ்டிக் கூட்டைத் திறந்தேன். உள்ளே காகித உறைக்குள் ஒரு சின்ன உலோகத் தகடு, அதில் மூன்று வட்டம். தகட்டை உருவிக்கொண்டேன். சத்துமாவு டப்பா அட்டையில் அதே அளவுக்கு ஒரு துண்டு முதல் நாளே வெட்டி வைத்திருந்தேன். கைவேலை வகுப்பில் எனக்கு எப்போதும் முதல் மார்க் மேடம், ஓரம் பிசிறே இருக்காது. அதை உறைக்குள் செருகி, கூட்டை மூடி, சட்டையை இருந்தபடியே போட்டேன். தகட்டைக் கறுப்புத் தாளில் சுற்றினேன். வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்று அவர் சொல்லியிருந்தார். மிலானியின் தலையணை உறைக்குள் வைத்துத் தைத்தேன்.

என்ன மேடம், பேனாவை மூடிவிட்டீர்கள்?

மூன்று மாதம் அது என் குழந்தையின் தலைக்கடியில் இருந்தது. அவர் நெஞ்சில் சத்துமாவு அட்டை இருந்தது. யாரும் கண்டுபிடிக்கவில்லை. நீங்கள் உட்பட. மாதம் ஒருமுறை பேட்ஜ் சோதனை என்று நோட்டீஸ் போர்டில் போட்டிருக்கிறீர்களாமே. கூட்டைத் திறந்து பார்த்தீர்களா? இல்லை, குற்றம் சொல்லவில்லை. கேட்கிறேன்.

பிப்ரவரி பதினெட்டு அன்று அவர் ஒரு மாதிரியாக வந்தார். சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். நான் கேட்கக் கேட்கத்தான் சொன்னார்.

எலக்ட்ரான் கற்றை வந்து விழுகிற இடத்தில் ஒரு திரை வைப்பார்களாம், பட்டால் பச்சையாக எரியுமாம். அந்தத் திரையைக் கேமராவுக்கு நேராகத் திருப்பி வைக்க, விளக்கைக் குறைத்துவிட்டு, டார்ச்சோடு உள்ளே போயிருக்கிறார். அந்த நேரத்தில் வெளியே காசிராஜன் அண்ணன் பவரை மட்டும் ஏற்றிப் பார்த்திருக்கிறார். எலக்ட்ரானைக் கிளப்பிவிடுகிற பாகத்துக்கு 'கன்' என்று பெயர். கன்தான் அணைந்திருக்கிறதே, கற்றை எங்கே வரப்போகிறது என்று அவர் எண்ணம். கதவு திறந்திருந்தால் பவர் ஏறாதபடி ஒரு பூட்டு இருக்கிறதாமே, அதற்கு ஒரு ஒயரைக் குறுக்கே போட்டு, கதவு மூடியிருப்பதாக மெஷினை ஏமாற்றி வைத்திருந்தாராம். ஒரு வாரமாகவே. சோதனைக்கு வசதியாக.

உள்ளே நின்ற என் வீட்டுக்காரர் திரை பச்சையாக எரிவதைப் பார்த்திருக்கிறார். ஒரு ஐந்து செகண்ட், பத்து செகண்ட். 'கன் அணைஞ்சிருந்தாலும், பவர் ஏறினா உள்ள இருக்கற உலோகமே எலக்ட்ரான உதிர்க்கும் பெனி. கொஞ்சம்தான். ஆனா நான் பக்கத்துலயே நின்னேன்' என்றார். கத்திக்கொண்டே வெளியே ஓடி வந்தாராம்.

அந்தக் காசிராஜனை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. பூட்டு பூட்டின மாதிரியே இருக்கும். விளக்கு எரியும். பார்க்கிறவர்கள் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பி உள்ளே போவார்கள். உள்ளே பார்த்தால் வெறும் ஒயர். நம்பி வருகிறவனை இப்படி ஏமாற்ற ஒரு மனுஷனுக்கு எப்படி மேடம் மனசு வரும்?

ஏன் என்னையே பார்க்கிறீர்கள்?

சரி. விடுங்கள்.

அன்று அவர் சொல்லி முடித்ததும் எனக்குத்தான் பதற்றம். அவருக்கு ஒன்றும் பதற்றமில்லை. பையைத் தட்டிக் காட்டி, 'பேட்ஜ் போட்டிருந்தேன். என்ன பட்டுச்சோ அது இதுல இருக்கும். ரிப்போர்ட் எழுதிக் குடுத்துட்டேன். மார்ச் முடிவுல போகும், வந்ததும் தெரிஞ்சிடும். பயப்படாத' என்றார். அட்டையைத் தட்டிக்கொண்டு சொன்னார் மேடம். அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன், மிலானி அழுதாள், எழுந்து போய்விட்டேன். அவள் அழாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

மார்ச் கடைசியில் தகட்டைத் திரும்ப உறைக்குள் வைத்தேன். வைக்காவிட்டால் வெறும் அட்டை போய் நிற்கும். வைத்தால் என் குழந்தைக்கு என்ன என்று தெரியும். எனக்கு அது தெரிந்தாக வேண்டும். அவரைப் பற்றி நினைத்தேனா என்று கேட்பீர்கள். நினைத்தேன். இரண்டு தட்டில் வைத்துப் பார்த்தேன், மிலானியின் தட்டு இறங்கியது.

மே மாதம் ரிப்போர்ட் வந்தது. பூஜ்யம்.

அவர் போனில் அனுப்பியதைச் சமையலறையில் நின்று பார்த்தேன். பூஜ்யம். ஸ்டவ்வை அணைத்துவிட்டு, தரையில் முட்டி போட்டு அழுதேன். என் குழந்தைக்கு ஒன்றுமில்லை. அவர் சட்டையோடு எதுவும் வரவில்லை. முடி சும்மாதான் கொட்டியிருக்கிறது. எனக்கு அதைவிட நல்ல காகிதம் இதுவரை வந்ததில்லை, இனியும் வராது. மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன்.

சாயங்காலம் அவர் வந்தார். அதே பூஜ்யத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவர் மாதிரி வந்தார்.

'எல்லாரும் சிரிச்சாங்க பெனி.'

நீங்களும் சிரித்தீர்களா மேடம்? சிரிக்கவில்லை என்றுதான் அவர் சொன்னார். 'அவங்க ரொம்ப மரியாதையாப் பேசினாங்க' என்றார். எனக்கு அதுதான் சந்தேகமாக இருந்தது. பூஜ்யம் வந்தால் யாருக்கு வசதி? பூட்டில் ஒயர் போட்டவனுக்கு வசதி, அதை ஒரு வாரம் பார்க்காமல் விட்டவர்களுக்கு வசதி. யாராவது ஒருவர், ஒரே ஒருவர், 'இது எப்படி பூஜ்யமாகும்' என்று கேட்டிருக்கலாம் இல்லையா? கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். மூன்று வாரம் காத்திருந்தேன். எல்லோரும் அந்த எண்ணை அவ்வளவு சீக்கிரம் நம்பிவிட்டீர்கள்.

நானா? நான் பயந்தேன். பேட்ஜ் இல்லாமல் வேலை செய்தார் என்று அவரை வெளியே அனுப்பிவிட்டால்? குவார்ட்டர்ஸை காலி செய்யச் சொன்னால்? அவர் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிட்டால்? இந்த மூன்றில் எது பெரிது என்று கேட்காதீர்கள்.

ஆனால் நேற்று நடந்ததை உங்களிடம் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் உங்களை ஒரு மணி நேரம் முன்னால் வரவழைத்தேன்.

நேற்று சாயங்காலம் குளியலறையில் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே நின்றுகொண்டிருந்தார். கையில் டார்ச். அங்கே பச்சை நிற பிளாஸ்டிக் வாளி இருக்கிறது. அதன்மேல் டார்ச்சை அடித்து அடித்துப் பார்க்கிறார். சாய்த்து அடிக்கிறார், தள்ளி நின்று அடிக்கிறார்.

'என்ன பண்றீங்க?'

'காசி சொல்றது சரியாத்தான் இருக்கும் போல. டார்ச் வெளிச்சம் திரையில பட்டு எனக்கு அப்படித் தெரிஞ்சிருக்கும். பாரு, இப்படிப் பிடிச்சா பச்சையாத்தான் தெரியுது.'

'நீங்க எரிஞ்சுதுன்னீங்களே.'

'நினைச்சேன். ஆனா அளந்தது பூஜ்யம் பெனி. என் கண்ணு பெருசா, அளவு பெருசா? நாலு வருஷமா எல்லாருக்கும் நான்தான சொல்லிக் குடுக்கறேன், கண்ண நம்பாத, அளந்து பாருன்னு.' டார்ச்சை இன்னொரு முறை அடித்துப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: 'பத்து செகண்ட் பாத்தேன்னு கோர்ட்ல கேட்டாலும் சொல்லியிருப்பேன். பாரு, எவ்வளவு உறுதியா ஒரு பொய்ய நம்பியிருக்கேன். இப்ப வேற எதப் பாத்தாலும் இது நெசமா இருக்குமான்னு இருக்கு.'

அந்த டார்ச்சை அவர் கையிலிருந்து வாங்கி வைத்தேன். மேடம், அவர் உடம்பில் என்ன பட்டதோ தெரியாது. ரத்தத்தை எடுத்தால் அணுக்களுக்குள் உடைந்த இழைகளை எண்ணிச் சொல்வார்களாமே, மூன்று மாதம் போனாலும் தெரியுமாமே, அதை எடுங்கள். கூட வந்தாலும் குறைய வந்தாலும் அது அவருடையதாக இருக்கட்டும். ஆனால் அதைவிட, அவர் கண்ணை நான் பிடுங்கிவிட்டேன். அளப்பதையே வேலையாக வைத்திருக்கிற மனுஷனிடம் வேறொருவருடைய அளவைக் கொடுத்துவிட்டு, உன்னுடையது என்று சொல்லிவிட்டேன்.

என்ன எழுதுகிறீர்கள்? வாசித்துக் காட்டுங்கள். இல்லை, நம்பிக்கை இல்லாமல் கேட்கவில்லை. சரி, நம்பிக்கை இல்லாமல்தான் கேட்கிறேன். வாசியுங்கள்.

'பேட்ஜ் தவறான இடத்தில் வைக்கப்பட்டதால்' என்று போட்டிருக்கிறீர்கள். யார் வைத்தது என்று போடவில்லையே? எனக்கு இரக்கம் காட்டுகிறீர்களா? வேண்டாம். பெயர் இல்லாமல் விட்டால் நாளைக்கு அது அவர் பெயராகிவிடும். பெனிட்டா எட்வின் என்று எழுதுங்கள். மனைவி. ஜனவரி ஆறு முதல் மார்ச் முப்பது வரை. தலையணை உறைக்குள் என்றும் எழுதுங்கள், பரவாயில்லை.

அந்தப் பூஜ்யத்தை என் மகள் பெயரில் போடுங்கள். மிலானி, வயது பத்து மாதம். உங்கள் படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லையென்றால் ஓரத்தில் எழுதுங்கள். அவர் பெயருக்கு எதிரே எதுவும் போடாதீர்கள். காலியாக விடுங்கள். அவரை அன்றைக்கு யாரும் அளக்கவில்லை, அதுதான் உண்மை.

கேட் சத்தம். அவர்தான். மிலானி தூங்கியிருப்பாள், ஊசி போட்டால் தூங்கிவிடுவாள், அதனால்தான் மணி அடிக்காமல் நிற்கிறார்.

நீங்கள் சொல்ல வேண்டாம் மேடம். உட்காருங்கள். நான்தான் சொல்வேன். தகடு, அட்டை, தலையணை எல்லாம் சொல்வேன், அவர் என்ன செய்தாலும் செய்யட்டும். ஆனால் கதவைத் திறந்ததும் முதலில் அதைச் சொல்லப் போவதில்லை. திரை எரிந்தது, நீங்கள் பார்த்தது சரி என்றுதான் முதலில் சொல்லப் போகிறேன்.